தாள் இருக்கா?

என்னை நீங்கள் ‘தாள் சார்’ என்று கூப்பிடுவது எனக்குத் தெரியும். முகத்துக்கு நேரே இல்லை, டீக்கடையில் வைத்து. தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தால் அந்த நினைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். கண்தான் மங்கியிருக்கிறது, காது நன்றாகவே கேட்கிறது.

பெயர் வந்த காரணமும் தெரியும். ஏதோ ஒரு ஆபீஸிலிருந்து போன் வருகிறது. பிரிண்டர் நெட்வொர்க்கில் சிக்கவில்லை என்கிறார்கள். நீங்கள் போய்க் கேபிளை மாற்றுகிறீர்கள், எண்களை மாற்றுகிறீர்கள், எல்லாவற்றையும் அணைத்துத் திரும்பப் போடுகிறீர்கள். ஒன்றும் நடக்காமல் கடைசியில் எனக்குப் போன் அடிக்கிறீர்கள். நான் கேட்கும் முதல் கேள்வி, “தாள் இருக்கா?” என்பது. உடனே உங்களுக்குக் கோபம் வந்துவிடுகிறது. “சார், பிங் போகுது, பிரிண்டர் பதில் சொல்லுது, அச்சு மட்டும்தான் வரல” என்று எனக்குப் பாடம் எடுக்கிறீர்கள். கம்ப்யூட்டரிலிருந்து தட்டினால் ‘இருக்கிறேன்’ என்று பிரிண்டர் திருப்பிச் சொல்வதுதான் பிங் என்று எனக்கும் தெரியும். அது பதில் சொல்கிறது என்பதை வைத்துக்கொண்டு நீங்கள் நிம்மதியாக இருக்கிறீர்களே, அந்த நிம்மதியைத்தான் நான் நம்புவதில்லை. ஏன் என்று இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். சிரிப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை, முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

நான் தென்காசியில் ஆபீஸ் மெஷின் ரிப்பேர் பார்த்தது எழுபதுகளிலும் எண்பதுகளிலும். டைப்ரைட்டர், சைக்ளோஸ்டைல், கணக்கு மெஷின், அப்புறம் டெலிபிரிண்டர். கடைசியாகச் சொன்னதை உங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். தடித்த டைப்ரைட்டர் மாதிரி இருக்கும். இங்கே ஒருவர் அடித்தால், கம்பி வழியாகப் போய், இன்னொரு ஊரில் இருக்கும் மெஷின் தானாக எழுந்து அதே எழுத்தை அடிக்கும். அங்கே ஆள் இருக்கவேண்டும் என்பதில்லை. நீங்கள் நெட்வொர்க் பிரிண்டர் என்று பெருமையாகச் சொல்கிறீர்களே, அதற்கு இது தாத்தா முறை.

அந்தக் காலத்திலும் சண்டை ஒன்றுதான். அச்சு வரவில்லை என்றால் பழுது மெஷினிலா, லைனிலா? மெஷின்காரர் லைன் என்பார், லைன்காரர் மெஷின் என்பார். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் லைன் மேல் பழி போடுவதில் மன்னன். பையைத் திறக்காமலே தீர்ப்புச் சொல்லிவிடுவார். சாரல் காலத்தில் குற்றாலத்து லாட்ஜுகளுக்கெல்லாம் அவரோடு போவேன். ஈரத்தில் டைப்ரைட்டர் கம்பிகள் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதற்கும் லைனைத்தான் குறை சொல்லியிருப்பார், டைப்ரைட்டருக்கு லைன் இல்லாததால் தப்பித்தது. அவரைப் பற்றி இதற்கு மேல் சொல்வதற்கில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தென்காசியில் ஒரு லாரி சர்வீஸ் இருந்தது. பெயர் வேண்டாம். இங்கிருந்து செங்கோட்டை, புளியரை வழியாக மலையேறி, அந்தப் பக்கம் புனலூருக்குச் சரக்கு போகும். புனலூரில் அவர்களுக்கு ஒரு கிளை. இரண்டு ஆபீஸுக்கும் நடுவில் தபால் தந்தி இலாகாவிடம் வாடகை லைன் எடுத்து, இரண்டு பக்கமும் டெலிபிரிண்டர் வைத்திருந்தார்கள். காரணம், மலைப்பாதை. மழைக்காலத்தில் எப்போது எங்கே மண் சரியும் என்று சொல்ல முடியாது. புனலூர்க்காரர்களுக்கு மலையிலிருந்து இறங்கும் வண்டிகள் மூலம் முதலில் செய்தி தெரியும். பாதை கெட்டுவிட்டால் மத்தியானத்துக்குள் டெலிபிரிண்டரில் அடிப்பார்கள். அடிக்கவில்லை என்றால் பாதை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், சாயங்காலம் லாரி கிளம்பலாம். இதுதான் அவர்கள் வழக்கம். யாரும் எழுதிவைத்த விதி இல்லை, அப்படியே பழகிவிட்டது.

இன்னொரு வழக்கமும் உண்டு. டெலிபிரிண்டரில் ‘நீ யார்?’ என்று கேட்பதற்கு ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால், எதிர்ப்பக்கத்து மெஷினுக்குள் இருக்கும் ஒரு சின்ன உருளை ஒரு சுற்றுச் சுற்றி, தன் பெயரைத் தானே அனுப்பிவிடும். செய்தி அடிப்பதற்கு முன்னால் ஒருமுறை, அடித்து முடித்த பின் ஒருமுறை இந்தப் பொத்தானை அழுத்துவார்கள். இரண்டு தடவையும் பெயர் வந்துவிட்டால் செய்தி போய்ச் சேர்ந்தது என்று தாளைக் கிளிப்பில் குத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். உங்கள் பிங் இதுதான்.

மெஷினைப் பார்த்துக்கொண்டது கோமதி. வீரகேரளம்புதூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் பெண். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள், கை சுத்தம், வேலையும் சுத்தம். நான் சர்வீஸுக்குப் போனால் மெஷின் துடைத்து வைத்த குத்துவிளக்கு மாதிரி இருக்கும். “உங்க மெஷினப் பாத்தா எனக்கு வேலையே இல்லம்மா” என்பேன். “அப்ப டீயக் குடிச்சிட்டுப் போங்க அண்ணாச்சி” என்பாள். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அப்பாவுக்கு மருந்து என்று எனக்குத் தெரியும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சரஸ்வதி பூஜை மறுநாள். விஜயதசமி காலை. முந்தின நாள் பூஜையில் என் திருப்புளிகளுக்கும் குறடுகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பையைச் சாமி முன்னால் சாத்தியிருந்தேன். மறுபூஜை போட்டு எடுப்பதற்குள் லாரி ஆபீஸிலிருந்து ஆள் வந்துவிட்டார். “லைன் செத்துப் போச்சாம், இப்பவே கூட்டிட்டு வரச் சொன்னாவ” என்றார். விடாமல் மழை. பையோடு குங்குமத்தையும் சுமந்துகொண்டு சைக்கிளில் போனேன்.

உள்ளே போனதும் நிலைமை புரிந்துவிட்டது. முதலாளி நின்றுகொண்டிருந்தார். அவர் உட்காராமல் நின்று நான் பார்த்ததில்லை. கோமதி மெஷின் முன்னால், கையைப் பிசைந்துகொண்டு. வாசல் பக்கச் சுவர் ஓரமாக, நனைந்த சேலையோடு ஒரு பெண். அவள் பெயர் செண்பகம், டிரைவர் மாடசாமியின் மனைவி, அச்சன்புதூர்க்காரி. அதை அவளே சொன்னாள். மழையில் பஸ் பிடித்து வந்திருந்தாள்.

நடந்தது இவ்வளவுதான். முந்தின நாள் பூஜை முடிந்து, சாயங்காலம் நல்ல நேரம் பார்த்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஒரு லாரியைக் கிளப்பினார்கள். பூஜை போட்ட வண்டி சும்மா நிற்கக்கூடாது என்று முதலாளிக்கு ஒரு எண்ணம். சிவகிரிப் பக்கத்து எலுமிச்சை மூட்டைகள்தான் லோடு. கிளீனர் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டான், மாடசாமி தனியாகப் போனார். புனலூரிலிருந்து பாதை பற்றி ஒன்றும் வரவில்லை, அதனால் பாதை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். காலையில், செங்கோட்டையோடு பஸ்கள் திரும்புகின்றன, மலையில் மண் சரிந்துவிட்டது என்று செய்தி. வெளியூருக்குப் போன் பேசும் டிரங்க் லைனும் போய்விட்டது. டெலிபிரிண்டரில் கேட்கலாம் என்று கோமதி உட்கார்ந்தால், மெஷின் உறுமுகிறது, அடிக்கவில்லை.

“மழையில மலை மேல கம்பம் விழுந்திருக்கும் வே. நேத்து மத்தியானமே லைன் போயிட்டு. அதான் புனலூர்க்காரன் சொல்ல முடியல” என்றார் முதலாளி. அவர் அதை என்னிடம் கேட்கவில்லை, சொன்னார். அந்த வித்தியாசத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலில் பாதி வாடிக்கையாளர்கள் பழுதைக் காட்டுவதற்குக் கூப்பிடுவதில்லை, தீர்ப்பைக் கையில் கொடுப்பதற்குத்தான் கூப்பிடுகிறார்கள்.

நான் லைன் பெட்டியில் இருந்த மீட்டரைப் பார்த்தேன். ஊசி எங்கே நிற்கவேண்டுமோ அங்கே நின்றது. லைன் உயிரோடு இருந்தது. வாடகை லைன் மலை மேல் போகவில்லை. அது திருநெல்வேலி, நாகர்கோவில், திருவனந்தபுரம் என்று ஊரைச் சுற்றிக்கொண்டு புனலூருக்குப் போகிற லைன். மலை முழுசாகச் சரிந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. எனக்கு அது தெரியும், அங்கே வேறு யாருக்கும் தெரியாது.

“என்னண்ணாச்சி, லைனு வந்துருமா? அவுக எங்கன இருக்காவன்னு கேக்கணும்” என்றாள் செண்பகம்.

“பாக்கேன்மா” என்றேன். மெஷினின் மூடியைத் தூக்கினேன்.

சந்தன வாசனை. மூடியைத் திறந்ததும் குப்பென்று முகத்தில் அடித்தது. எழுத்துக் கம்பிகளுக்கு நடுவில் மஞ்சள் பொடி உதிர்ந்து, காய்ந்து, கம்பிகளை ஒன்றோடு ஒன்று ஒட்டிவைத்திருந்தது. மெஷின் அடிக்காமல் உறுமுவதற்குக் காரணம் அதுதான். காலையில் மாட்டிய புதுத் தாள் உருளையில் வெறுமையாக இருந்தது. தாளைச் சுற்றி எடுத்தேன். உள்ளே ரப்பர் உருளையின் நீளத்துக்கும், அம்மிக்குப் பூசுவது போல, தடிமனாகச் சந்தனம்.

“இது என்னம்மா?” என்று கோமதியிடம் கேட்டேன்.

“பூஜைக்கு வச்சது அண்ணாச்சி. தாள எடுத்துட்டு உருளைக்கே வச்சேன்.” அவள் முதலாளியைப் பார்த்தாள். “போன வருஷம் தாள் மேல வச்சோம். தாள கிழிச்சதும் சந்தனமும் சேந்து போயிட்டு.”

முதலாளி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். அன்றைக்கே பின்னால் கோமதி சொல்லித்தான் எனக்கு முழுசாகத் தெரிந்தது. போன வருஷம் சந்தனம் தாளோடு போனதால்தான் வருஷம் முழுக்க வியாபாரம் சொதப்பிவிட்டது என்று அவரே சொல்லி, இந்த வருஷம் தாளை எடுத்துவிட்டு உருளைக்கு நேரே வைக்கச் சொன்னாராம். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை தொடக்கூடாது, அதனால் தாளையும் திரும்ப மாட்ட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். மெஷினுக்கு ஓய்வு, லாரிக்கு மட்டும் ஓட்டம்.

உருளையைக் கழற்றி ஜன்னல் பக்கமாகக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தேன். துடைப்பதற்காகத்தான் கழற்றினேன், வேறு எதையும் தேடவில்லை. அடிப்பக்கமாகத் திரும்பியிருந்த சந்தனத்தின் மேல் ரிப்பன் மையில் எழுத்துகள். பாதி காய்ந்த சந்தனத்தில் அடித்ததால் ஒவ்வொரு எழுத்தும் குழிந்து, மை உள்ளே இறங்கி, தாளில் இருப்பதைவிடத் தெளிவாக இருந்தது. இங்கிலீஷில் இரண்டு வரி. பாதை சரிகிறது, லாரி அனுப்ப வேண்டாம். அதற்கு மேலேயும் கீழேயும், புனலூர்க்காரன் பெயர் கேட்டதற்கு இந்த மெஷினே தானாகச் சொன்ன தன் பெயர்.

எல்லோரும் பின்னால் லாரி ஷெட்டில் மேளச் சத்தத்தில் நின்றுகொண்டிருந்த நேரம், பூட்டிய இந்த அறையில் மெஷின் தானாக எழுந்து, இல்லாத தாளில் செய்தியை அடித்து, ‘வாங்கிக்கொண்டேன்’ என்று சொல்லிவிட்டு, தானாக அணைந்திருக்கிறது. அங்கே ஒருத்தன் பதில் வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தான். இங்கே ஒருத்தர் செய்தி வரவில்லை என்று நிம்மதியாக இருந்தார். இரண்டு நிம்மதிக்கும் நடுவில் மாடசாமி வண்டியை எடுத்துக்கொண்டு மலையேறிவிட்டார். எனக்கு அந்த நிமிஷம் பயமாக இருந்தது என்றே சொல்லிவிடுகிறேன்.

முதலாளி பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவர். வாசித்துவிட்டார் என்று முகத்தில் தெரிந்தது. குரலைத் தாழ்த்தி, “அழுக்குதான வே? தொடச்சிட்டு மாட்டும். லைன் கோளாறுன்னு எழுதிக் குடும். யாருக்கும் பாதகம் இல்ல” என்றார்.

தம்பிகளே, இப்படி ஒரு இடம் உங்களுக்கும் வரும். கையில் ஈரத் துணி இருக்கும். துடைக்காமல் மெஷினை ஓட்ட முடியாது, முதலாளியிடம் இருந்தது அந்த ஒரே உருளை. மெஷினை ஓட்டாமல் மலையில் இருப்பவரைப் பற்றிக் கேட்க முடியாது. துடைத்தால் நடந்தது அழிந்துபோகும். யார் மேல் தப்பு என்று அங்கே நின்று பேச ஆரம்பித்தால் நேரம் போய்விடும். உயிர் இருக்கிறதா என்று தெரியாத ஒரு ஆளுக்கு நேரம்தான் முக்கியம். நான் துடைப்பது என்று முடிவு பண்ணிவிட்டேன். ஆனால் அதற்கு முன்னால் உருளையை முதலாளியின் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

“சத்தமா வாசியும். வாசிச்சதும் தொடைக்கேன்” என்றேன்.

அவர் வாசிக்கவில்லை. கோமதி எழுந்து வந்தாள். என் கையைப் பிடித்து உருளையைத் தன் பக்கம் திருப்பினாள். வாசித்தாள். பிறகு செண்பகத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

“பாதை சரியுது, லாரி அனுப்ப வேண்டாம்னு நேத்து மத்தியானமே சொல்லியிருக்காவ. தாள் இல்ல. தாள எடுத்தது நான்தான்.”

எடுக்கச் சொன்னது யார் என்று அவள் சொல்லவில்லை. முதலாளியும் சொல்லவில்லை. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் காலண்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. செண்பகம் கோமதியின் கையையே பார்த்தாள். பிறகு, “இப்ப தாள் இருக்கா?” என்று கேட்டாள்.

“இருக்கு” என்றாள் கோமதி.

“அப்ப கேளு.”

நான் உருளையைத் துடைத்தேன். ஸ்பிரிட் தொட்டு எழுத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாக விடுவித்தேன். அவசரத்தில் விரல் கிழிந்தது. மாட்டி, தாளை நுழைத்து, கோமதியை உட்காரச் சொன்னேன். அவள் வழக்கப்படி ‘நீ யார்?’ பொத்தானை அழுத்தினாள். புனலூர் மெஷின் தன் பெயரைச் சொன்னது.

“மெஷின் பேரு வேண்டாம். ஆள் பேரக் கேளு. யாரு முன்னால உக்காந்திருக்கான்னு கேளு” என்றேன்.

அப்படிக் கேட்கும் வழக்கமே கிடையாது. அவள் கேட்டாள். மெஷின் சும்மா இருந்தது. பிறகு திக்கித் திக்கி எழுத்து வந்தது. தங்கச்சன். நேற்று செய்தி அடித்தவனும் தான்தான் என்று சொன்னான். உங்கள் மெஷின் பதில் சொன்னதே, பிறகு ஏன் லாரியை அனுப்பினீர்கள் என்று கேட்டான். கோமதி அதற்குப் பதில் அடிக்கவில்லை. லாரி வந்து சேரவில்லை, ஜீப் எடுத்துக்கொண்டு ஆரியங்காவு பக்கத்திலிருந்து மலையில் பார்க்க ஆள் அனுப்பு, நீயே போ, பார்த்துவிட்டு வந்து நீயே சொல் என்று அடித்தாள். போகிறேன் என்று வந்தது.

பிறகு காத்திருந்தோம். இந்தத் தொழிலில் யாரும் சொல்லிக்கொடுக்காத வேலை அது. முதலாளி யாரையோ பார்த்து வருவதாகச் சொல்லி வெளியே போனார். கோமதி மூடியைத் தூக்கித் தாளைப் பார்ப்பாள், மூடுவாள், திரும்பவும் தூக்குவாள். செண்பகம் சுவரோரத்திலிருந்து எழுந்துவந்து மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவருக்கு மலைப்பாதை பழக்கம், எங்கேயாவது ஓரமாக நிறுத்திவிட்டுத் தூங்கியிருப்பார், நல்ல தூக்கக்காரர் என்று என்னிடம் சொன்னாள். ஆமாம்மா, அப்படித்தான் இருக்கும் என்றேன். எனக்கும் அந்த நேரத்தில் அதை நம்பவேண்டும் போல இருந்தது.

மத்தியானம் சாய்ந்த பிறகு மெஷின் எழுந்தது. முதலில் பெயர் வந்தது, தங்கச்சன் என்று. டெலிபிரிண்டரில் செய்தி மொத்தமாக வராது. ஒவ்வொரு எழுத்தாக, அடிக்கிறவன் கை நின்றால் நின்று, போனால் போய், அப்படித்தான் வரும். செண்பகத்துக்கு இங்கிலீஷ் தெரியாது. எழுந்து நின்று அந்த எழுத்துகளையே பார்த்தாள்.

“என்ன அடிக்குது? ஏட்டி, என்ன அடிக்குது?”

லாரி என்று வந்தது. பள்ளம் என்று வந்தது. டிரைவர் என்று வந்து, அப்புறம் தங்கச்சன் கை நின்றுவிட்டது. மோட்டார் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வார்த்தை என்ன என்று எனக்கும் கோமதிக்கும் தெரிந்துவிட்டது. அவனும் ஒரு மனுஷன்தானே, அதை அடிக்க அவனுக்கும் கை வரவில்லை. கோமதி மெஷினை விட்டு எழுந்தாள். மிச்ச எழுத்துகள் வருவதற்குள் செண்பகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் வெளியே வந்து மழையில் நின்றேன்.

அந்த மலையிலிருந்து அவரைக் கொண்டுவந்து சேர்த்த கதையை நான் சொல்லப்போவதில்லை. என் வேலைச் சீட்டில், லைன் சரி, மெஷினில் சந்தனம், பூஜைக்காகத் தாள் எடுக்கப்பட்டிருந்தது என்று எழுதினேன். யார் சொல்லி என்பதையும் எழுதினேன். அதற்குப் பிறகு அந்த ஆபீஸ் முதலாளி எனக்கு டீ கொடுப்பதை நிறுத்திவிட்டார். ஆனால் என்னைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது, தென்காசியில் டெலிபிரிண்டர் தெரிந்தவன் வேறு ஆள் இல்லை. தினமும் மத்தியானம், பாதை நன்றாக இருந்தாலும் நன்றாக இருக்கிறது என்று புனலூரிலிருந்து அடிக்கவேண்டும் என்று வழக்கத்தை மாற்றினார்கள். ஒன்றும் வராவிட்டால் வண்டி நகரக்கூடாது. இதைச் சொல்லிக்கொடுக்க ஒருத்தர் சாகவேண்டியிருந்தது.

கோமதியை வேலையை விட்டு எடுப்பார் என்று பயந்தேன். எடுக்கவில்லை. எடுத்தால் அவள் பேசுவாளோ என்று அவருக்குப் பயமாக இருந்திருக்கலாம். செண்பகத்துக்கும் அந்த ஆபீஸிலேயே பெருக்கித் தண்ணீர் வைக்கும் வேலை கொடுத்தார். நல்ல மனசு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் அதில் சேர்ந்துகொள்ளவில்லை.

அடுத்த முறை சர்வீஸுக்குப் போனபோது காலை நேரம். செண்பகம் பெருக்கிக்கொண்டே வந்து, மெஷினுக்கு முன்னால் நின்று, விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடி, “தாள் இருக்கா?” என்று கேட்டாள். கோமதி எழுந்து, மூடியைத் திறந்து, தாளைக் காட்டினாள். செண்பகம் பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் பெருக்கப் போனாள். கோபமாகக் கேட்கவில்லை. அழுதும் கேட்கவில்லை. இது தினமும் நடக்கிறது என்று பின்னால் தெரிந்தது. பண்டிகை, விரதம் எதற்கும் நிற்பதில்லை. அடுத்த வருஷ பூஜையன்றும் எல்லோரும் ஷெட்டில் நிற்க, கோமதி மட்டும் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாளாம். மேசைக் காலுக்குச் சந்தனம் வைக்க வந்த செண்பகம் அன்றைக்கும் கேட்டாளாம்.

எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒருநாள் கோமதியைத் தனியாகக் கூப்பிட்டேன். “அந்தப் பிள்ளைய ஷெட்டுப் பக்கம் மாத்தச் சொல்லி நான் முதலாளிட்டப் பேசுதேன். தினமும் இது என்ன கொடுமை” என்றேன்.

அவள் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்தவில்லை.

“வேண்டாம் அண்ணாச்சி. அவ கேக்கட்டும். அவ கேக்கலன்னா இங்கன வேற யாரு கேப்பா?”

அந்த மெஷினைக் காயலான் கடைக்கு எடைக்குப் போட்ட வரைக்கும் செண்பகம் கேட்டுக்கொண்டிருந்தாள், கோமதி காட்டிக்கொண்டிருந்தாள். மெஷின் போன பிறகு இருவரும் எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கே போனால் என்ன, அந்தக் கேள்வியை யாராவது கேட்கத்தானே வேண்டும். அதனால் நான் எடுத்துக்கொண்டேன். நீங்கள் ‘தாள் சார்’ என்று எனக்குப் பெயர் வைத்தீர்களே, அந்தக் கேள்வி என்னுடையது இல்லை. அது செண்பகத்தினுடையது. நாளைக்குப் பிரிண்டர் பதில் சொல்கிறது என்று எனக்குப் போன் பண்ணும்போது, மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் பண்ணுங்கள்.